துரு பாட்டின் ஐம்பத்தெட்டாவது நொடி

துளசிமணியின் கத்தல் பெல்ஜியத்திலிருந்து வீடு வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று.

இருபத்தேழு வருசத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயமுத்தூரில் ஆவாரம்பாளையத்தைத் தாண்டி உள்ள பட்டறை வீதியில், தன் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கிரைண்டர் பட்டறையின் தகரக் கூரையைப் பார்த்து அவள் போட்ட கத்தல் அது. "டேய், மனுசி தூங்கறதா வேண்டாமாடா" என்பதுதான் அதிலிருந்த மொத்த வாசகம். போட்டவள் அன்றைக்குச் சாயங்காலமே அதை மறந்துவிட்டாள். ஏனென்றால் அந்தக் காலத்தில் அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கத்திக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்கு வயது முப்பத்துநான்கு. நூல் மில்லில் வாரத்துக்கு ஆறு நாள் ராத்திரி ஷிஃப்ட். கட்டியவன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான், அவளும் தேடவில்லை. பஞ்சும் தூசியும் இரைச்சலுமாக ஆறு ராத்திரி ஓடிய உடம்பை அவள் சாய்ப்பதற்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றுதான். அந்த ஒரு மத்தியானத்தில்தான், வீதியிலுள்ள முப்பத்தேழு பட்டறைகளும் மூடிக்கிடக்கிற அந்த ஒரே நாளில்தான், பக்கத்துக் கிரைண்டர் பட்டறைக்காரர் மகன் நாச்சிமுத்து தன் இரண்டு சிநேகிதர்களோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நாச்சிமுத்து ட்ரம்ஸ் அடித்தான். அவனிடமிருந்த ட்ரம்ஸில் பாதி, விலைபோகாத கிரைண்டர் பாத்திரங்கள். ஜெயசிங் கிட்டார் வாசித்தான். காளியண்ணன் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து, யாரோ அவனை உயிரோடு உரிப்பதுபோலப் பாடினான். இரும்பு உருக்கும்போது மேலே மிதந்து வருகிற கழிவின் பேரையே தங்கள் குழுவுக்கும் வைத்திருந்தார்கள்: கசடு. மெட்டாலிக் ஹார்ட்கோர் என்று உலகம் அந்த இசைக்குப் பேர் வைத்திருப்பது அவர்களுக்கே அப்போது சரியாகத் தெரியாது. துளசிமணி அதற்கு வைத்திருந்த பேரை எழுத முடியாது.

ஒரே ஒரு டேப் ரெக்கார்டரைச் சாக்குமூட்டை மேல் வைத்து, அவர்கள் பதினொரு பாட்டைப் பதிவுசெய்தார்கள். அதில் ஏழாவது பாட்டு 'துரு'. ஒரு நிமிசம் ஐம்பத்திரண்டு நொடி. தலைதெறிக்க ஓடுகிற அந்தப் பாட்டு ஐம்பத்தெட்டாவது நொடியில் சட்டென்று இரண்டு தாளத்தட்டு நேரம் நிற்கும், நின்று, பிறகு யானை எழுந்து நடப்பதுபோல மெதுவாக, கனமாக மறுபடி கிளம்பும். அந்த இரண்டு தட்டு மௌனத்துக்குள்தான், அளந்து வெட்டிப் பொருத்தியதுபோல, துளசிமணியின் கத்தல் போய் விழுந்திருந்தது.

ஜெயசிங்கின் சித்தப்பா மகன் கப்பலில் வேலை பார்த்தான், அவன் அந்தக் கேசட்டின் பிரதி ஒன்றை எடுத்துப்போய் எந்தத் துறைமுகத்திலோ ஒருவனுக்குக் கொடுத்தான். அவன் பிரதி எடுத்தான், பிரதியை இன்னொருவன் பிரதி எடுத்தான், அப்படியே அது போலந்துக்கும் சிலிக்கும் ஜப்பானுக்கும் போய், எந்தெந்த ஊர்களிலோ நிலவறைகளில் கூடுகிற பையன்களையும் பெண்களையும் பிடித்து ஆட்டியது. கசடு இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று பெரிய பெரிய குழுக்கள் பேட்டி கொடுத்தன. 'துரு'வை அவர்கள் தங்கள் மேடைகளில் வாசிக்கும்போது ஐம்பத்தெட்டாவது நொடியில் எல்லோரும் நின்று, கூட்டத்தை நோக்கி மைக்கை நீட்ட, அறுநூறு பேர் ஒரே தொண்டையாக "தேய் மனுசி துங்கறதா வேந்தாமாதா" என்று கூவினார்கள். அது ஒரு மந்திரம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இல்லை, ஆலை முதலாளிகளுக்கு இட்ட சாபம் என்று இன்னொன்று மறுத்தது. சிலி நாட்டு சாந்தியாகோவில் ஒருவன் அதை விலாவில் பச்சை குத்திக்கொண்டான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது குழு கலைந்து பல வருசம் ஆகியிருந்தது. காளியண்ணன் வீதி முக்கில் பேக்கரி வைத்திருந்தான். ஜெயசிங் பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தான். நாச்சிமுத்து அப்பாவின் பட்டறையை நடத்திக்கொண்டு, மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பெல்ஜியத்திலிருந்து ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி அவர்களைத் தேடிப் பிடித்து, பழைய பதிவுகளை நல்ல தட்டாக மறுவெளியீடு செய்கிறோம் என்று கேட்டபோது, மூன்று பேரும் பேக்கரியில் உட்கார்ந்து யோசித்து, இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்கள்.

கம்பெனியில் ஒலியைச் சுத்தம் பண்ணுகிற யோஸ்ட் என்ற மனிதர் பொறுமைசாலி, அதுதான் வினையாயிற்று. இரண்டு மாதம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, கேசட்டில் படிந்திருந்த அழுக்கையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். ஒரு நாயின் குரைப்பு, ஒரு குக்கரின் நாலு விசில், கோலமாவு விற்கிறவரின் கூவல், கடைசியாக, யாரோ ஒரு பெண்மணியின் இடையூறு. அதை எடுத்த பிறகு அந்த இரண்டு தட்டு வெறுமையாகக் கிடந்தது. அதையும் வெட்டிவிட்டு ஒட்டினார். பாட்டு இப்போது எங்கேயும் நிற்காமல் ஓடியது. இசைத்தட்டு வெளியாயிற்று.

எடுத்துப்போட்ட சத்தங்களுக்குப் போக்கிடம் இல்லை. அவை வீட்டுக்குப் புறப்பட்டன.

எடை குறைந்தது என்பதால் குக்கர் விசில்தான் முதலில் வந்தது. நாலாம் நாள் காலை பதினொன்றே முக்காலுக்கு, யார் வீட்டுக் குக்கரும் இல்லாமல் வீதி நடுவில் நாலு விசில் கேட்டது. அன்று முழுக்கப் பெண்கள் ஒருவர் வீட்டு அடுப்பை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. மூன்றாம் நாளிலிருந்து எல்லோரும் அந்த விசிலுக்கு அரிசி வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

பிறகு நாய் வந்தது. அது செத்துப் பதினெட்டு வருசம் ஆகியிருந்தது, குரைப்பு மட்டும் எலக்ட்ரீசியன் வீட்டுக் கேட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. மாநகராட்சியிலிருந்து நாய் பிடிக்க வந்தவர்கள் அரைமணி நேரம் தேடிப் பார்த்துவிட்டு, தடுப்பூசி போட இடமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கோலமாவுக்காரரின் கூவலுக்கு முதல் நாள் ஏழெட்டுப் பெண்கள் டப்பாவோடு வெளியே வந்து ஏமாந்தார்கள். இரண்டாம் வாரத்தில் உப்பு விற்கிற ஒருவர் அதைத் தெரிந்துகொண்டு, கூவலுக்குப் பின்னாலேயே வாயைத் திறக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோலமாவுக்கு வந்தவர்கள் உப்பு வாங்கிப் போனார்கள்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு, துளசிமணி வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலிருந்து அந்தக் கத்தல் இறங்கியது.

அந்த நேரத்தில் வார்டு கவுன்சிலரின் ஜீப் ஒலிபெருக்கியோடு வீதிக்குள் நுழைந்திருந்தது. "டேய், மனுசி தூங்கறதா வேண்டாமாடா" என்று கேட்டதுதான், ஒலிபெருக்கி ஊமையாயிற்று. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவருக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. டிரைவர் ஹார்னை அழுத்தினார், அதுவும் வரவில்லை. எஞ்சினும் நின்றுபோக, ஜீப்பைச் சத்தமே இல்லாமல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வீதியை விட்டுப் போனார்கள்.

வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்த துளசிமணி எழுந்து உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. பதினோரு வருசத்துக்கு முந்தி தைராய்டு ஆபரேஷன் செய்ததில் குரல் போய், சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவதுபோல ஒரு இழை மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்து மாவுக்கடைப் பத்மாவதி ஓடிவந்தாள்.

"ஏனுங்க்கா, இது உங்க தொண்டையா?"

துளசிமணி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "ஆமா போலிருக்கு," என்றாள் அந்த இழைக் குரலில்.

"இத்தனை பெருசாவா இருந்துச்சு?"

"அப்ப இருந்துச்சு."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முப்பத்தேழு பட்டறைகளும் ஓட ஆரம்பித்தன. எட்டு மணி ஒரு நிமிசத்துக்குத் தொட்டியிலிருந்து கத்தல் இறங்கியது. சுற்றிக்கொண்டிருந்த லேத்துகள் நின்றுபோயின, கிரைண்டிங் கல் தீப்பொறியைக் கக்காமல் நின்றது, கம்ப்ரசர் நின்றது. மின்வாரியத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு லைனில் பழுது இல்லை என்றார். கத்தல் ஓய்ந்து கால் மணி கழித்து எல்லாம் மறுபடி ஓடும், ஓடிய மறு நிமிசமே அது மறுபடி கத்தும்.

முதல் வாரத்தில் வீதி கோபப்பட்டது. இரண்டாம் வாரத்தில் பழகப் பார்த்தது. சுத்தியலுக்கு ரப்பர் மாட்டினார்கள். மெஷின்களுக்கு அடியில் பழைய மெத்தைகளை வெட்டி வைத்தார்கள், கோணிகளைச் சுற்றினார்கள், தகரத்தைத் தட்டவேண்டியவர்கள் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ரயில்வே லைன் வரைக்கும் போய்த் தட்டிவிட்டு வந்தார்கள். ஆட்கள் ஒருவரோடு ஒருவர் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி மெல்லப் பேசினார்கள். சண்டை போடுவதென்றால் எழுதிப் போட்டார்கள். அடுத்த வீதிகளிலிருந்து பரிட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டுப்போனார்கள். தாலி கட்டும்போது மேளம் நின்றுபோனதால் ஒரு கல்யாணம் எல்லோரும் கையைத் தட்டி, அதையும் மெதுவாகத் தட்டி, நடந்து முடிந்தது. உடுக்கையோடு வந்த மந்திரவாதி ஒருவர், உடுக்கை நின்ற பிறகு சிறிது நேரம் அதை வெறுமனே ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, டீ குடித்துப் போனார். ஐப்பசி மாதத்து இடியொன்று வானத்தில் பாதி உருண்டு நின்றபோதுதான், இது நம்மளோடு முடிகிற காரியமில்லை என்று வீதிக்கு உறைத்தது.

யாரோ ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஏட்டு வந்து, மொட்டைமாடியில் நின்று இரண்டு தடவை கத்தலைக் கேட்டார்.

"சத்தம் போடற பொம்பளைக்கு என்னம்மா வயசு இருக்கும்?"

"முப்பத்திநாலுங்க," என்றாள் துளசிமணி.

"உங்களுக்கு?"

"அறுவத்தொண்ணு."

ஏட்டு நோட்டை மூடினார். "அப்ப இது நீங்க இல்லீங்களே."

கத்தலால் எல்லாவற்றையும்விட அதிகம் கெட்டுப்போனது துளசிமணியின் தூக்கம்தான். அதற்கு ஒரு கணக்கு இருந்தது, அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை அவள் கத்துவாள், பையன்கள் பயந்து, வாசித்துக்கொண்டிருந்த பாட்டை முடித்ததும் பத்து நிமிசம் நிறுத்துவார்கள், அந்தப் பத்து நிமிசத்துக்குள் அவள் கல்லைக் கிணற்றில் போட்டதுபோலத் தூக்கத்துக்குள் போய்விடுவாள், அதற்குப் பிறகு அவர்கள் கூரையைப் பிய்த்தாலும் தெரியாது. கத்தினால்தான் தூக்கம் வரும் என்று உடம்பு பழகிவிட்டது. ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து, பதினோரு வருசமாக, அவள் முழுசாக ஒரு தூக்கம் தூங்கியதில்லை. இப்போது அந்தக் கத்தல் அவள் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்து, அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக் கத்தியது. கண் செருகுகிற நேரத்தில் எவனாவது புல்லட்டை உதைப்பான், மேலே அது கத்தும், இவள் விழித்துக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் மாடிக்கு ஏறி, தொட்டியைப் பார்த்து, "கொஞ்சம் சும்மா இரேன், சாமி. நாந்தான் அந்த மனுசி," என்றாள். அதற்குக் கேட்கவில்லை. அவள் குரல் அத்தனை சின்னது.

மூன்று மாதம் போயிற்று. சில பட்டறைகளில் ஆட்களை நிறுத்தினார்கள். இரண்டு பேர் வீதியை விட்டே போவதென்று இடம் பார்த்தார்கள். வீதிக்காரர்கள் நாச்சிமுத்துவின் பட்டறையில் கூடி, துளசிமணியையும் வரச்சொன்னார்கள். அவளுக்கு நாற்காலி போட்டார்கள்.

"உங்க மேல குத்தம் சொல்லலீங்க்கா," என்றான் நாச்சிமுத்து. தலை நரைத்து, தொப்பை விழுந்து, இருந்தாலும் அவளிடம் பேசும்போது அந்தப் பழைய பயம் குரலில் இருந்தது. "ஆனா கத்தல் உங்களுது. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

"எங்க ஊட்டுப் பூனையே நாஞ்சொன்னாக் கேக்கறதில்ல கண்ணு. நா என்ன பண்ணட்டும்? நீங்கதான அதைப் புடிச்சு டப்பாக்குள்ள போட்டு ஊரூரா அனுப்புனது?"

அப்போது ஜெயசிங் போனை எடுத்து, யோஸ்டிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினான். இசைத்தட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பெண் எங்கே, அந்தப் பெண்ணை என்ன செய்தீர்கள் என்று உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வருகின்றனவாம். சாந்தியாகோ ஆள் விலாவின் படத்தை அனுப்பியிருக்கிறானாம். தப்பைச் சரிசெய்து இன்னொரு பதிப்புப் போடலாமென்று யோஸ்ட் மூலக் கேசட்டை எடுத்துப் பார்த்தால், அதிலும் அந்த இடம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருக்கிறதாம். அந்தச் சத்தம் எங்கே போயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார்.

"தெரியும்னு எழுதுப்பா," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"அதுக்கு உக்கார எடமில்ல," என்றான் காளியண்ணன் மெதுவாக. "எடத்தை அவரு வெட்டி ஒட்டிட்டாரு. நாம மறுபடி அந்தப் பாட்டை வாசிச்சு, அந்த ரெண்டு தட்டை உட்டு வெச்சா, அது வந்து உக்காந்துக்கும்."

சரி என்று முடிவாயிற்று. ஆனால் மூன்று பேருக்கும் பாட்டு மறந்துபோயிருந்தது. இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுப் படிக்கலாம் என்றால், யோஸ்ட் சுத்தம் செய்ததில் எது எதற்குப் பிறகு வருகிறது என்பதே பிடிபடவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், சத்தமாக ஒரு நிமிசம் வாசித்தால் கத்தல் இறங்கிவிடும். ஆகவே அவர்கள் பேக்கரியின் பின்கட்டில், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை, வியாபாரம் மந்தமான நேரத்தில், சத்தமில்லாமல் ஒத்திகை பார்த்தார்கள். நாச்சிமுத்து மைதா மூட்டைகளை உள்ளங்கையால் அடித்தான். ஜெயசிங் கரண்ட் கொடுக்காத கிட்டாரைக் கீறினான். காளியண்ணன் கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்க, முகம் செம்பாகச் சிவக்க, "துரு தின்னுது, தின்னட்டும், துரு தின்னுது" என்று அந்தப் பழைய ஓலத்தைக் கிசுகிசுத்தான். தேங்காய் பன் வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் பிரெட் வாங்க வந்த துளசிமணி, பின்கட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"அது அப்படி இல்ல," என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நாச்சி, நீ அங்க நாலு தரம் அடிக்கமாட்ட. மூணு அடிச்சுட்டு ஒண்ணைத் தவறவுடுவ. காளி, ரெண்டாவது வரிக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்ப, கீச்சுனு. அந்த மூச்சைக் காணோம்."

"அப்ப எனக்கு வீசிங் இருந்துச்சுங்க்கா."

"இருந்தா இருக்கட்டும். அது வேணும்."

அவர்கள் அவளுக்கு ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தார்கள். மூன்று வருசம், ஞாயிற்றுக்கிழமை தோறும், ஒரு செங்கல் சுவருக்கு அந்தப்புறம் படுத்துக்கொண்டு கேட்டவள் அவள். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பாட்டு அத்தனை சுத்தமாகத் தெரியாது. விரலை முழங்காலில் தட்டித் தட்டி அவள் முழுப் பாட்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

ஜெயசிங் கேட்டான், "இத்தனை ஞாபகம் வெச்சிருக்கீங்களே, உங்களுக்குப் புடிச்சிருந்துச்சாங்க்கா?"

"பல்வலி கூடத்தான் ஞாபகம் இருக்கு," என்றாள் துளசிமணி. "வாசி."

பத்து நாளில் பாட்டு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் ட்ரம்ஸைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரை வைத்து, ரெக்கார்டரைச் சாக்குமூட்டை மேல் வைத்து, மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். வீதி முழுக்க வாசலில் நின்றது. நாச்சிமுத்து முதல் அடியை அடித்தான். கத்தல் இறங்கியது. எல்லாம் ஊமையாயிற்று. கால் மணி காத்திருந்து மறுபடி ஆரம்பித்தார்கள், முதல் அடியிலேயே மறுபடி இறங்கியது. ஏழு தடவை பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு நொடி இருக்கட்டும், மூன்று நொடிகூடத் தாங்கவில்லை.

நாச்சிமுத்து குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "என்னால இதுக்கு மேல ஆகாதுங்க. எடம் பாத்துட்டுப் போறவங்க போகட்டும்."

பட்டறை வாசலில் நின்ற துளசிமணி சொன்னாள்:

"நான் எடுத்த எடுப்புல கத்தமாட்டேன், நாச்சி. நீங்க ஆரம்பிச்ச ஒடனே முழிச்சுக்குவேன். சரி, சின்னப் பசங்க, நிறுத்திருவாங்கனு படுத்திருப்பேன். பொரண்டு படுப்பேன். தலகாணியக் காதுல அமுக்குவேன். எந்திரிச்சு உக்காந்து, செருப்பைத் தேடி, கதவைத் தொறந்து, பதினாலு படி ஏறி, அப்பறந்தான் கத்துவேன். அத்தனை பொறுத்ததையும் உட்டுட்டு வெறும் கத்தலை மட்டும் நறுக்கி எடுத்திருக்காரு அந்த மனுசன். அதுக்குப் பொறுமைன்னா என்னன்னே தெரியாது. பாவம்."

அடுத்த ஞாயிறு கத்தலுக்குப் பதிலாக அவளே பொறுத்துப் பார்ப்பதென்று ஆயிற்று. அந்த வாரம் முழுக்க அவள் கட்டிலிலிருந்து மாடிக்கு ஏறிப் பழகினாள், பத்மாவதி போனில் நேரம் பார்த்தாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எத்தனை தடவை ஏறினாலும் எழுபத்துநாலு நொடிக்குக் குறையவில்லை.

"பதினாறு நொடி அதிகமாகுது," என்று பத்மாவதி பேக்கரியில் போய்ச் சொன்னாள்.

காளியண்ணன் மற்ற இருவரையும் பார்த்தான். "அது பரவால்லீங்க. எங்களாலயும் இப்ப அந்த வேகத்துல வாசிக்க முடியலை. அந்த நிறுத்தத்துக்கு நாங்க போய்ச் சேர்றதுக்கே எழுவது நொடிக்கு மேல ஆகுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு துளசிமணி கட்டிலில் படுத்தாள். சுவருக்கு அந்தப்புறம் நாச்சிமுத்து நாலு எண்ணினான். பட்டறை வெடித்தது.

தொட்டியின் மேலே கத்தல் எழும்பியது, எழும்பியதை வீதியில் நின்ற எல்லோரும் தோல் சிலிர்க்க உணர்ந்தார்கள். துளசிமணி அசையவில்லை. சரி, சின்னப் பசங்க, என்று மனசுக்குள் சொன்னாள். நாற்பத்தெட்டு வயசுப் பசங்க. மேலே அது தயங்கியது. அவள் புரண்டு படுத்தாள். தலையணையைக் காதில் அமுக்கினாள், காளியண்ணன் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தான், இரண்டாவது வரிக்கு முன்னால் அந்தக் கீச்சு மூச்சு சரியாக இருந்தது. அவளுக்கு மெய்யாகவே கோபம் வந்தது. ஆறு ராத்திரி நின்ற கால்கள், பஞ்சு அடைத்த மூக்கு, போனவன், பதினோரு வருசத் தூக்கம் எல்லாமாகச் சேர்ந்து அந்தக் கோபம் அடிவயிற்றிலிருந்து வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். செருப்பைத் தேடினாள், ஒன்று கட்டிலுக்கடியில் போயிருந்தது, குனிந்து எடுத்தாள். கதவைத் திறந்தாள். பதினாலு படி. மேலேயிருந்து கத்தல் அவளை ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள், கீழே அவர்களுக்கும் அந்த இடத்தில் தாளம் தடுமாறி, ஜெயசிங் அதே அடியை இரண்டு தடவை வாசித்தான். அவள் மேலே ஏறி, வெயிலில் சுட்டுக்கிடந்த கைப்பிடிச் சுவரைப் பிடித்து, தகரக் கூரையைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

பாட்டு நின்றது.

"டேய், மனுசி தூங்கறதா வேண்டாமாடா."

தொண்டை வழியாகப் போனபோது அது கொஞ்சம் எரிந்தது என்று பிற்பாடு பத்மாவதியிடம் சொன்னாள். முப்பத்துநாலு வயசுக் குரல், முழுசாக, அவள் வாயிலிருந்து புறப்பட்டு, தகரக் கூரையைத் தாண்டி, அந்த இரண்டு தட்டுக்குள் போய் உட்கார்ந்தது. பிறகு பாட்டு யானை எழுந்து நடப்பதுபோல மறுபடி கிளம்பியது, கனமாக, தகரம் அதிர, எதுவும் ஊமையாகாமல் கடைசி அடிவரைக்கும் போய் முடிந்தது. வாசல்களில் நின்றவர்கள் இரண்டு நிமிசம் காத்துப் பார்த்தார்கள். எலக்ட்ரீசியன் ஒரு புல்லட்டை உதைத்தார். ஒன்றும் ஆகவில்லை. தொட்டி வெறும் தொட்டியாக இருந்தது.

துளசிமணி கீழே இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு மணிக்குப் பத்மாவதி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் வாயைப் பிளந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, ஒரு காலில் செருப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கும் அப்படியேதான்.

எட்டு மணிக்கு ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு மெத்தைகளையும் கோணிகளையும் எடுத்துப் போட்டார்கள். லேத்துகளுக்கு எண்ணெய் விட்டார்கள். பத்மாவதி வீதியில் நடந்துபோய் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் எட்டிப் பார்த்து, அக்கா இன்னும் எந்திரிக்கல, என்று மட்டும் சொன்னாள். இன்ன நேரம்வரை பொறுங்கள் என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. பம்ப்செட் கம்பெனிக்குப் போகவேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது, முதலாளிகள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார்கள், ஆனால் முப்பத்தேழு பட்டறைகளில் ஒருவர்கூட சுவிட்சைத் தொடவில்லை. பத்து மணிக்குக் காளியண்ணன் எல்லோருக்கும் டீ கொடுத்தனுப்பினான். டம்ளர்களைச் சத்தமில்லாமல் வைத்தார்கள்.

பதினொன்றேகால் மணிக்கு துளசிமணி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. வீதி முழுக்க ஆட்கள் கையில் ஸ்பானரும் சுத்தியலுமாகச் சும்மா நிற்பதை அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பார்த்தாள்.

"என்ன நாச்சி, எல்லாரும் நிக்கறீங்க?" என்றாள் அந்த இழைக் குரலில். "கரண்ட் இல்லையா?"

"இப்பத்தானுங்க்கா வந்துச்சு," என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து உள்ளே போய் மெயின் சுவிட்சைப் போட்டான்.